மாத்திரை ரத்தத்தைச் சுண்ட வைக்குமா?

சின்ன ஊர் ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்தப்போகிற பயத்தில் ஆட்கள் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள், அதில் வாரத்துக்கு நாலு தடவையாவது காதில் விழுகிற பேச்சு இது: "இந்த மாத்திரைங்க எல்லாம் ரத்தத்தையே சுண்ட வச்சிடுதுங்க." எந்த மாத்திரை என்று கேட்டால் பிரஷருக்கு, தைராய்டுக்கு, கொழுப்புக்கு என்று பையில் இருக்கிற சீட்டையெல்லாம் நீட்டுவார்கள். பெரும்பாலும் அந்த மாத்திரைகள் மேல் தப்பு இருக்காது. ஆனால் வைரஸுக்கு எதிராகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றிரண்டு விஷயத்தில் இந்தப் பேச்சு நிஜம்தான், என்ன, நடப்பது சுண்டுவது இல்லை, வேறு ஒன்று. அந்த வேறு ஒன்று புரியாததால்தான் ஆட்கள் தப்பான வைத்தியத்தை மாதக்கணக்கில் செய்கிறார்கள்.

சில வருடம் முன்பு ஒரு அம்மா வந்தார். (ஆள் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.) மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 7.4. இரண்டு மாதம் முன்பு வேறு இடத்தில் எடுத்த சீட்டில் 10.4. "தினமும் பீட்ரூட் ஜூஸ், மாதுளை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடறேனே தம்பி, எப்படி இறங்கும்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். பையில் ஒரு மருந்து டப்பா இருந்தது, மேலே ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்திருந்தார். ஏ.ஆர்.டி. மாத்திரை, அதாவது எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் கூட்டு மருந்து, சாப்பிடுகிறவர்கள் பலர் அப்படிச் செய்வார்கள், வீட்டில் யாரும் பெயரைப் படித்துவிடக் கூடாது என்று. உள்ளே இருந்த மாத்திரைக் கலவையில் ஒன்று ஜிடோவுடின். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒரு மருந்தைப் பற்றியதுதான்.

முதலில் மாடித் தொட்டி

ரத்தம் குறைந்தால் "ரத்தசோகை" என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். அதனால் காரணமும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நாம் அப்படி நினைப்பதில்லையே. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், தொட்டி ஒழுகலாம், கிணறும் தொட்டியும் நன்றாக இருந்து மோட்டார் காயில் போயிருக்கலாம். மூன்றிலும் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஆனால் மோட்டார் போன வீட்டில் கிணற்றைத் தூர் வாரினால் பக்கத்து வீட்டுக்காரன் சிரிப்பான்.

உடம்பில் கிணறு என்பது இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் போன்ற மூலப்பொருட்கள். ஒழுகல் என்பது ரத்தப்போக்கு, அல்லது இருக்கிற அணுக்கள் உடைந்து போவது. மோட்டார் என்பது எலும்பு மஜ்ஜை, அதாவது எலும்புக்குள் இருக்கும் மெத்தென்ற பகுதி, அங்கேதான் ரத்த அணுக்கள் உண்டாகின்றன. நம் நாட்டில் கிணறு வற்றுவதுதான் அதிகம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். அதில் இரும்புக் குறைவுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆகவே ரத்தம் குறைந்தால் பேரீச்சம்பழம் என்று கை தானாகப் போவதில் ஆச்சரியம் இல்லை. ஜிடோவுடின் கை வைப்பது மோட்டாரில்.

மஜ்ஜையில் என்ன வேலை நடக்கிறது

சிவப்பணு என்பது ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு ஓடும் அணு, அதற்குள் இருக்கும் சிவப்பு நிறப் புரதம்தான் ஹீமோகுளோபின். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். உடம்பில் மொத்தம் 20 லட்சம் கோடிக்கு மேல் இருக்கின்றன. கணக்குப் போட்டால் மஜ்ஜை நொடிக்கு 20 லட்சம் அணுக்களைப் புதிதாகச் செய்தாக வேண்டும். நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி ஆகியிருக்கும்.

அத்தனை வேகமாக எப்படிச் செய்கிறது? பரோட்டாக் கடையில் மாஸ்டர் பெரிய மாவுப் பிண்டத்தைக் கிள்ளுவதைப் பாருங்கள். ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, நாலை எட்டாக்கி, எட்டைப் பதினாறாக்கினால் சரியான அளவு உருண்டை கிடைக்கும். மஜ்ஜையிலும் ஒரு பெரிய தாய்ச்செல் சில நாட்களுக்குள் நாலைந்து முறை பிளந்து பதினாறோ அதற்கு மேலோ ஆகிறது. ஒவ்வொரு பிளவிலும் அளவு சின்னதாகிக்கொண்டே வரும், உள்ளே ஹீமோகுளோபின் நிறைந்துகொண்டே வரும். கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு ரத்தத்துக்குள் குதிக்கும். அப்படிக் குதித்த முதல் ஒன்றிரண்டு நாளுக்கு அதை இளம் சிவப்பணு என்று தனியாக எண்ண முடியும், ஆய்வகத்தில் ரெட்டிகுலோசைட் என்போம். மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த பரிசோதனை அதுதான், ஏனோ பலர் அதை எழுதித் தருவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு செல் இரண்டாகப் பிளப்பதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் இன்னொரு நகல் எடுக்க வேண்டும். டி.என்.ஏ. என்பது செல்லின் வேலைக்குறிப்பு, அது இரண்டு பிள்ளைக்கும் ஒவ்வொன்று வேண்டும். நகல் எடுக்க முடியாவிட்டால் பிளவு இல்லை.

இதுவரை பார்த்தது: ரத்தம் குறைய மூன்று வழி உண்டு, நம் கதை மூன்றாவது வழி. மஜ்ஜை ஓயாமல் செல்களைப் பிளக்கிறது, ஒவ்வொரு பிளவுக்கும் டி.என்.ஏ. நகல் தேவை.

வைரஸும் போலிப் பாசிமணியும்

எச்.ஐ.வி. வைரஸுக்கும் நகல் எடுக்கும் தேவை இருக்கிறது. அது நம் செல்லுக்குள் நுழைந்ததும் தன் வேலைக்குறிப்பான ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதிக்கொள்ளும். அதைச் செய்யும் நொதியின் பெயர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். நொதி என்றால் உடம்புக்குள் வேதி வேலைகளைச் செய்து தரும் புரதம், அவ்வளவுதான்.

டி.என்.ஏ.வைப் பாசிமணி மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலே நாலு நிற மணிகள். அதில் ஒரு நிறம் தைமிடின். ஜிடோவுடின் பார்ப்பதற்கு அச்சு அசலாகத் தைமிடின் போலவே இருக்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்ட மணி. கோர்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, ஊசியில் ஏற்றிவிடுவார், அதற்கு அப்புறம் நூல் மறுபக்கம் வெளியே வராது. மாலை அங்கேயே முடிந்துவிடும். வேதியியல் மொழியில் சொன்னால், அடுத்த மணி வந்து கோர்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒரு கொக்கி இருக்க வேண்டும், ஜிடோவுடினில் அந்த இடத்தில் அசைடு என்னும் மூன்று நைட்ரஜன் கொண்ட கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. வைரஸின் நொதி அவசரக்காரன், இந்தப் போலி மணியை விழுந்து விழுந்து எடுக்கும். நம் செல்லின் உட்கருவில் இருக்கும் நகல் நொதிகள் அப்படி ஏமாறாது, போலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். இந்த வித்தியாசத்தின் மேல்தான் மருந்தே நிற்கிறது.

அப்படியானால் நம் மஜ்ஜை ஏன் அடி வாங்குகிறது

இந்த இடத்தில்தான் பலர் "மருந்து நம்ம டி.என்.ஏ.வையும் அறுத்துவிடும்" என்று சுருக்கிச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் பெரிய இடைஞ்சல் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, மணி தயாராகும் இடத்தில். தைமிடினை அப்படியே கோர்க்க முடியாது. அதற்கு மூன்று பாஸ்பேட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால்தான் கோர்ப்பதற்கு ஏற்ற மணி ஆகும். பாஸ்பேட் மாட்டும் வேலையை நம் செல்லின் நொதிகள்தான் செய்கின்றன, ஜிடோவுடினுக்கும் அதே நொதிகள்தான் மாட்டி விடுகின்றன. முதல் பாஸ்பேட் சுலபமாக ஏறிவிடும். இரண்டாவதை மாட்டும் நொதியிடம் ஜிடோவுடின் சிக்கிக்கொள்ளும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் வேலை செய்யாத ஒரு லாரி நின்றுவிட்டால் என்ன ஆகும்? பின்னால் வரும் நல்ல வண்டிகளும் வரிசையில் நிற்கும். அதுபோல உண்மையான தைமிடினும் காத்துக்கிடக்கும். டி.என்.ஏ. நகலுக்கு வேண்டிய நாலு நிறத்தில் ஒரு நிறம் தட்டுப்பாடு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கும் செல்லுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சில நாட்களுக்குள் நாலைந்து தடவை பிளக்க வேண்டிய மஜ்ஜைச் செல்லுக்குக் கழுத்தில் கத்தி.

இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியாவில். செல்லுக்குள் எரிசக்தி தயாரிக்கும் சின்னஞ்சிறு அறைகள் அவை, அவற்றுக்கென்று தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு, அதை நகல் எடுக்கத் தனி நொதியும் உண்டு. இந்த நொதி உட்கருவில் இருப்பதைவிட ஏமாளி, போலி மணியைச் சில சமயம் வாங்கிக்கொள்ளும். ஹீமோகுளோபினின் சிவப்புப் பகுதியான ஹீம் உருவாவதில் முக்கியக் கட்டங்கள் இதே அறைகளில்தான் நடக்கின்றன. ஆகவே அங்கே கோளாறு என்றால் சிவப்பணு வரிசைக்கு இரட்டை அடி.

இப்போது பரோட்டாக் கடைக்குத் திரும்பலாம். மாஸ்டர் நாலு முறை கிள்ள வேண்டிய மாவை மூன்று முறையோடு நிறுத்தினால் என்ன கிடைக்கும்? பதினாறுக்குப் பதில் எட்டு உருண்டை, ஒவ்வொன்றும் பெரிசு. ஜிடோவுடின் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் அதேதான் தெரியும். சி.பி.சி. என்னும் ரத்த அணுக்கணக்குச் சீட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு, வழக்கமாக 80 முதல் 100 வரை. இந்த மருந்து எடுப்பவர்களில் நிறையப் பேருக்கு அது 100-ஐத் தாண்டிவிடும், ஹீமோகுளோபின் குறையாதவர்களுக்கும்கூட. பெரிசாக இருப்பது மட்டும் ஆபத்து இல்லை. சொல்லப்போனால் மருத்துவர்கள் இதை வேறு மாதிரி பயன்படுத்தியதும் உண்டு: "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறேன் டாக்டர்" என்கிறவரின் எம்.சி.வி. மாதக்கணக்காக 84-லேயே நின்றால் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள்.

இதன் சாரம்: மருந்து சிவப்பணுவைக் கொல்லவில்லை, சிவப்பணு உருவாகும் வழியில் பிளவைத் தடுக்கிறது. அதனால் எண்ணிக்கை குறைகிறது, அளவு பெரிதாகிறது.

பேரீச்சம்பழம் ஏன் கைகொடுக்கவில்லை

அந்த அம்மாவின் எம்.சி.வி. 106. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சின்னதாகும், 80-க்குக் கீழே போகும். இது எதிர்த்திசை. மாஸ்டருக்குக் கை கட்டிப்போட்ட கடையில் இன்னொரு மைதா மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினால் பரோட்டா வராது, மூட்டைதான் சேரும். இரும்பு மாத்திரையை இரண்டு வேளை நாலு வேளை என்று ஏற்றிக்கொண்டே போனாலும் வேலை நடக்காது, மலச்சிக்கல்தான் மிச்சம். பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் சிவப்பணு பெரிசாகும் என்பதால் அவை இரண்டையும் பார்த்துவிடுவது நியாயம், குறைந்திருந்தால் கொடுக்கவும் வேண்டும். ஆனால் குறையாதவருக்கு பி12 ஊசி போட்டு ஜிடோவுடினின் பாதிப்பைத் தடுக்க முடியாது. பீட்ரூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அதன் சிவப்பு வெறும் சாயம்.

முதல் வாரத்தில் ஏன் தெரிவதில்லை

மோட்டார் நின்ற அன்றே குழாய் நிற்காது, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே. மஜ்ஜை முழுசாக நின்றுபோனாலும் பழைய அணுக்கள் 120 நாள் ஓடும், ஒரு நாளைக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் கழியும். 13 ஹீமோகுளோபின் உள்ளவருக்கு உற்பத்தி அடியோடு நின்றால்கூட நாலு வாரம் கழித்துத்தான் பத்துக்கு வரும். அதனால்தான் மருந்து தொடங்கிய சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஹீமோகுளோபினைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். 13-ல் தொடங்கியவருக்கு அவகாசம் இருக்கிறது. 9-ல் தொடங்கியவருக்கு இல்லை, அதனால் ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதுக்குக் கீழே இருந்தால் இந்த மருந்தையே தவிர்ப்பார்கள். பாதிப் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் அம்மாவை இரண்டாம் வாரம் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அந்த வாரம் ஊரில் திருவிழாவாம், போகவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கொடுத்தார்கள்

ஜிடோவுடினை ஜெரோம் ஹார்விட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1964-ல் புற்றுநோய்க்காகச் செய்தார். புற்றுநோய்க்கு அது உதவவில்லை, மூலையில் கிடந்தது. எண்பதுகளில் எய்ட்ஸ் வந்து ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். முதல் பெரிய சோதனையில் 282 பேர்: மருந்து கிடைத்த 145 பேரில் இறந்தவர் ஒருவர், வெறும் மாத்திரை கிடைத்த 137 பேரில் இறந்தவர்கள் 19 பேர். சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள், 1987 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அதே சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே இறங்கியது, மற்றவர்களில் 4 சதவீதம். ஐந்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது.

ஆனால் அப்போது கொடுத்த அளவைப் பாருங்கள்: நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 250 மில்லிகிராம், நாளுக்கு 1,500. நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்து விழுங்கினார்கள். பிற்பாடு வழக்கமான அளவு காலை 300, இரவு 300, மொத்தம் 600 என்றானது. அளவு குறைந்ததும் பாதிப்பும் நன்றாகக் குறைந்தது, போகவில்லை, குறைந்தது. 1994-ல் இன்னொரு முடிவு வந்தது: கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் இதைக் கொடுத்தால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக இறங்கியது. குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கிப் பின் தானாகச் சரியானது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு இந்த மருந்தை வில்லனாக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று, முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அப்போது கையில் இருந்த முக்கியமான இரண்டு வழிகள் ஜிடோவுடின் அல்லது ஸ்டாவுடின். ரத்தம் குறைந்தவருக்கு ஸ்டாவுடின், அது கால் நரம்பைக் கெடுக்கும், கன்னத்தை ஒட்ட வைக்கும். ஒன்றுக்கு ஒன்று பரவாயில்லை என்கிற கதை. இப்போது புதிதாகத் தொடங்குகிற பெரும்பாலானோருக்கு டெனோஃபோவிர் அடங்கிய கலவைதான். ஜிடோவுடினை முதல் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வேறு சில சூழ்நிலைகளுக்கும் வைத்திருக்கிறார்கள்.

எல்லா வைரஸ் மருந்தும் இப்படியா

இல்லை. இதில்தான் குழப்பம் அதிகம்.

அக்கிக்கும் சின்னம்மைக்கும் கொடுக்கும் அசைக்ளோவிரும் போலி மணிதான். ஆனால் அதற்கு முதல் பாஸ்பேட்டை மாட்ட வைரஸின் சொந்த நொதி வேண்டும். வைரஸ் இல்லாத செல்லில் அது பூட்டிய பெட்டி மாதிரி கிடக்கும், மஜ்ஜைக்குத் தொந்தரவு இல்லை. ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் நகல் வேலையில் கையே வைப்பதில்லை, செல்லிலிருந்து வைரஸ் வெளியேறுவதைத்தான் தடுக்கிறது. கான்சைக்ளோவிர் என்று ஒன்று உண்டு, சி.எம்.வி. என்னும் வைரஸுக்குக் கொடுப்பார்கள், அதுவும் மஜ்ஜையை அடக்கும், ஆனால் முதலில் சரிவது பெரும்பாலும் வெள்ளையணு.

ரிபாவிரின்தான் ஆட்களை நன்றாகக் குழப்புகிறது. ஹெபடைடிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசியோடு சேர்த்துக் கொடுத்த மருந்து, முதல் நாலு வாரத்திலேயே ஹீமோகுளோபின் இரண்டு மூன்று புள்ளி இறங்கும். பார்க்க ஜிடோவுடின் மாதிரியே. ஆனால் இங்கே மோட்டாரை விடத் தொட்டியில்தான் ஓட்டை. ரிபாவிரின் சிவப்பணுவுக்குள் போய்ப் பாஸ்பேட் மாட்டிக்கொள்ளும், அதைக் கழற்ற சிவப்பணுவிடம் கருவி இல்லை, சேர்ந்துகொண்டே போகும், உள்ளே இருக்கும் எரிசக்தி தீரும், சுவர் கெடும், 120 நாள் ஓட வேண்டியது பாதியில் உடையும். வேகத்தைப் பாருங்கள்: மோட்டார் மட்டும் நின்றிருந்தால் நாலு வாரத்தில் மூன்று புள்ளி இறங்க உற்பத்தி அடியோடு நிற்க வேண்டும், ஒழுகல் என்றால் அதெல்லாம் வேண்டாம். இளம் சிவப்பணுவை எண்ணினாலும் பிரிந்துவிடும். ஒழுகும் வீட்டில் மோட்டார் அதிகமாக ஓடும், எண்ணிக்கை ஏறும், கூடவே கொடுக்கும் இன்டர்ஃபெரான் மட்டும் அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் அமுக்கும். ஜிடோவுடினில் எண்ணிக்கை அடிமட்டத்தில் கிடக்கும். ஜிடோவுடின், ரிபாவிரின் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கத் தயங்குவதன் காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். நல்லவேளையாக சோஃபோஸ்புவிர் வந்த பிறகு ஹெபடைடிஸ் சி-க்கு ரிபாவிரினின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

மாத்திரையை மாற்றிய பிறகு

அந்த அம்மாவின் இளம் சிவப்பணு 0.2 சதவீதம், இருக்க வேண்டியது அரையிலிருந்து இரண்டரை. சீட்டைக் கொண்டுபோய் ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டச் சொன்னேன், வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், ஏனென்றால் இந்தச் சிகிச்சையைப் பாதியில் விட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் அதே மருந்து வேலை செய்யாது. காசநோய், எச்.ஐ.வி. இரண்டுமே தம் பங்குக்கு மஜ்ஜையை அடக்கும் என்பதால் அங்கே அவற்றையும் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஜிடோவுடினை எடுத்துவிட்டு டெனோஃபோவிர் கலவைக்கு மாற்றினார்கள். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தார். ஹீமோகுளோபின் 7.9, முகம் வாடிவிட்டது, "அரைப் புள்ளிதானா?" என்றார். எனக்கோ மற்ற வரியைப் பார்த்ததும் சந்தோஷம்: இளம் சிவப்பணு 4 சதவீதம். மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது, தொட்டி நிறைய நேரம் ஆகும். மூன்றாம் மாதம் 11.2. அன்று ஆசைக்கு ஒரு கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பெரிய பெரிய பழைய அணுக்கள் அங்கங்கே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன, 120 நாள் முடியவில்லையே, அவற்றுக்கு நடுவே சரியான அளவில் புதுசுகள்.